தட்டாத கை

தேக்கக்கா தட்டவில்லை.

மெத்தை விரிப்பின் மேல் மல்லாந்து கிடந்தாள். மருந்துக்கடைப் பெண்ணின் கால்கள் இரண்டும் அவள் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் குறுக்கே கிடந்தன. வலது கை அந்தப் பெண்ணின் தொடைகளுக்கு நடுவில், கட்டைவிரல் கூரையைப் பார்க்க, நீட்டிப் பிடிபட்டிருந்தது. பிடித்தவள் இடுப்பைத் தூக்கத் தூக்க, முழங்கை எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கம் போகும். போவதற்கு முன்னால், கிடப்பவள் சும்மா இருக்கிற கையால் மெத்தையிலோ எதிராளியின் காலிலோ இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டிய நொடியே விட்டுவிடுவார்கள். ஜூடோவில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. பெல்ட் கட்டத் தெரியாதவளுக்கும் தட்டத் தெரிய வேண்டும்.

"ஆன்ட்டி, வலிக்குதா?"

"இல்லம்மா."

"இன்னும் கொஞ்சம் தூக்கட்டா?"

"தூக்கு, தூக்கு."

வலித்தது. நன்றாகவே வலித்தது. பொய் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக 'முடியுமா' என்று யார் கேட்டாலும் அந்த வாயிலிருந்து 'முடியும்' தவிர வேறு பதில் வந்ததில்லை. பழக்கதோஷம். சும்மா இருந்த இடது கை மெத்தையின் மேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கைப்பை மாதிரி, அசையாமல் கிடந்தது.

முழங்கைக்குள் ஏதோ 'டக்' என்றது. மருந்துக்கடைப் பெண்ணுக்கும் அது கேட்டது. கையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தவள், பிடிபட்டவளுக்கும் சேர்த்து அழ ஆரம்பித்தாள்.

"ஏன் ஆன்ட்டி தட்டல? ஏன் தட்டல நீங்க?"

"அட, ஒண்ணுமில்லம்மா. நீ அழாத. எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்ன தேக்கக்காவின் முகம், வெளுத்த துணி மாதிரி இருந்தது.

தேக்கு என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுக்கிற பெரிய கூடம் அது. மழைக்காலத்தில்கூட உள்ளே நுழைந்தால் முகத்தில் ஆவி அறையும். துவைத்துப் பிழிந்த விரிப்புகளை ரோலர் இயந்திரத்தின் முன்வாயில் இரண்டு பெண்கள் விரித்து ஊட்டுவார்கள். அது சூடாகத் தேய்த்துப் பின்பக்கம் தள்ளும். பின்பக்கம் நிற்கும் இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, நாலாக மடித்து அடுக்க வேண்டும். அடுத்தது அதற்குள் பாதி வெளியே வந்திருக்கும். வாய்ப்பாடு தெரிகிறதோ இல்லையோ, கால் தப்பக்கூடாது. இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். எட்டு மணி நேரம். அந்தப் பின்பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவள் அவள். அவளோடு ஜோடியாக நின்றவர்கள் ஆறு பேர் மாறிவிட்டார்கள். முதுகு போனது, மணிக்கட்டு போனது, ஒருத்திக்குக் கண்ணே மங்கிப்போனது. இவள் மட்டும் நின்றாள். அதனால் தேக்கு. அவளுக்கு அந்தப் பெயரில் பெருமை உண்டு. புருஷன் கட்டிய தாலியை விட அதை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

இப்படிப் பெயர் வைப்பது முதலாளிமார்களுக்கு ரொம்பச் சௌகரியம். மரத்துக்கு வலிக்காது பாருங்கள்.

ரோலரின் பக்கவாட்டில், பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு கயிற்றில் சின்ன ஸ்பேனர் தொங்கும். இயந்திரச் சத்தத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது. அதனால் பின்பக்கத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால், அந்த ஸ்பேனரால் சட்டத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். முன்பக்கம் ஊட்டுவதை நிறுத்துவார்கள், சூப்பர்வைசர் வந்து வேகத்தைக் குறைப்பார். கூடத்தில் இயந்திரம் வந்த நாளில் போட்ட விதி இது. சுவரில் எழுதிக்கூட ஒட்டியிருக்கிறது. ஆரம்பத்தில் ஒருத்தி தட்டினாள். அடுத்த மாதமே அவளை ஈரத்துணி வண்டி தள்ளுகிற வேலைக்கு மாற்றினார்கள். வண்டி தள்ளப் போனவர்கள் வருஷம் தாண்டியதில்லை. அதற்கப்புறம் யாரும் அந்த ஸ்பேனரைத் தொடவில்லை. தூசியும் துணிப்பஞ்சும் படிந்து, அது ஏதோ கூட்டில் தூங்குகிற பூச்சி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்க வேண்டிய இடத்தில், அப்புறம் பூசிய பச்சைப் பெயின்ட் புதுசாகவே இருந்தது.

இந்த ஐம்பத்தைந்து வயதில் அவள் ஜூடோ கற்கப் போனதும் சலவைக்கூடத்தால்தான். விரிப்பு மடிக்கும்போது அவளுக்கு எதிரே நின்றவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். போன வருஷம் பெரியக்கா ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். விழும்போது கையை ஊன்றினாள். மணிக்கட்டு போய், அதோடு இடுப்பெலும்பும் போனது. மறுபடி எழுந்து நடக்கவில்லை. பார்க்கப் போனபோது, "விழுறது தப்பில்லடி. எனக்கு விழத் தெரியல" என்றாள். அன்றிலிருந்து தேக்கக்காவுக்குத் தரையைப் பார்த்தாலே பயம். குளியலறைக்குப் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு வரமாட்டாள்.

ஜூடோ கூடத்துக்காரர்களின் தடித்த வெள்ளைச் சட்டைகளும் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். கழுத்துப் பட்டை மட்டும் விரல் மொத்தத்துக்கு இருக்கும், லேசில் காயாது. ஒருநாள் சரக்கு வண்டி வராததால், வீட்டுக்குப் போகிற வழிதானே என்று கட்டைத் தூக்கிக்கொண்டு இவளே கொடுக்கப் போனாள். கதவைத் திறந்தால், ஒரு வரிசையாகப் பெண்கள் தொப்பு தொப்பென்று விழுந்துகொண்டிருந்தார்கள். விழுந்து, மெத்தையைக் கையால் அறைந்து, எழுந்து, மறுபடி விழுந்தார்கள். ஒருத்திக்கும் எதுவும் ஆகவில்லை.

"இது என்னம்மா, விழுறதுக்கா கிளாஸ் வெச்சிருக்கீங்க?"

மாஸ்டர், முப்பத்தைந்து வயதுப் பெண், சிரித்துக்கொண்டே சொன்னாள். "முதல் மூணு மாசம் அது மட்டும்தாங்க. விழத் தெரியாதவளைத் தூக்கிப் போட்டா எனக்குத்தானே கெட்ட பேரு."

அப்படித்தான் சேர்ந்தாள். மூன்று மாதம் விழுந்தாள். முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்து, அப்புறம் மண்டியிட்டு, அப்புறம் நின்று. வீட்டில் குளியலறைச் சுவரைப் பிடிப்பதை விட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷன்தான் ஒருநாள், "என்ன, சுவரு இப்பல்லாம் தனியா நிக்குது?" என்று கேட்டார்.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் இந்த 'டக்'.

டாக்டர் தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார். கிழியவில்லை, ஆனால் இன்னொரு தரம் இப்படி ஆனால் கிழியும். மூன்று வாரம் கையைத் தூக்கிக் கட்டிவைக்கச் சொன்னார். மறுநாள் கட்டோடு வேலைக்குப் போய் நின்றபோது, சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பெண்களைக் கூப்பிட வாயைத் திறக்க மாட்டார், விசில் அடிப்பார். அதனால் அவருக்குப் பெயர் விசில்.

"தேக்குலயே கரையான் ஏறிடுச்சா?"

"மூணு வாரம் சார். சரியாயிரும்."

"மூணு வாரம் துணிக்கு நம்பர்ச் சீட்டு கட்டுற மேஜையில உக்காரு. அப்புறம் ரோலருக்கு வந்துரணும். வர முடியலன்னா வண்டிதான். நான் என்ன பண்றது, எனக்கு மேல இருக்கிறவன் கேப்பான்."

வண்டி தள்ள முழங்கை வேண்டும். ரோலருக்கும் வேண்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு, முழங்கை இல்லாமல் அந்தக் கூடத்தில் செய்ய ஒரே வேலைதான் உண்டு, அது வாசலைத் தாண்டி வெளியே போவது.

வீட்டில் அன்று பெரிய கச்சேரி. மகள் ஆபீஸிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மாவின் முதுகில் ஏறித்தான் மிதித்தோம் என்று தெரிந்தவள். தெரிந்ததாலேயே எப்போதும் கோபமாக இருப்பாள். கடன் பட்டவர்களின் கோபம். அது வேறு யார்மீது போனாலும் கடைசியில் அம்மாவிடம்தான் வந்து நிற்கும்.

"எத்தனை தடவை சொன்னேன்? வேணாம் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"உடம்புல பாதிய அந்த ரோலருக்குக் குடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறத இவங்களுக்குக் குடுக்கப் போறியா?"

"யாரும் புடுங்கல டீ. நான்தான் தட்டல."

"அதான் கேக்கிறேன், ஏன் தட்டல?"

 தேக்கக்கா எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் புருஷன் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டார். சோற்றை இறக்கும்போதுகூடப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதுபோல ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்.

"நான் ஆரம்பத்துலயே கேட்டேன்" என்றார் அவர். "இந்த வயசுல சண்டை கத்துக்கிட்டு யாரை அடிக்கப் போறேன்னு. வீட்ல இருக்கிறது நான் ஒருத்தன்தான்."

"உங்கள அடிக்கிறதுக்குப் படிப்பு எதுக்கு?"

"பாத்தியா பாத்தியா. கை ஒண்ணு போனாலும் வாய் போகல."

"அப்பா, விளையாடாதீங்க" என்றாள் மகள். "அம்மாவ வண்டிக்குப் போடப் போறாங்க. வண்டிக்குப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். உக்காந்து சாப்பிடு முதல்ல."

"எனக்கு வேணாம்."

"வேணாங்கிறவ தட்டைக் கழுவி எடுத்துட்டு வந்து எதுக்குக் கையில வெச்சிருக்கே?"

மகள் கையைப் பார்த்தாள். உண்மையிலேயே தட்டு இருந்தது. கோபத்தோடு உட்கார்ந்தாள். சோறு, கீரை, ஆளுக்கு ஒரு முட்டை. அம்மாவுக்கு முட்டையைப் பிட்டு வைத்தாள், இடது கையால் பிட்டுக்கொள்ள முடியாது என்று. வைத்த வேகத்தில் முட்டை தட்டைத் தாண்டி ஓடியது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் முட்டையைப் பார்த்தார்கள். அப்புறம் அப்பா சிரித்தார். மகள் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள்.

"கிளாஸ்ல இருந்து நின்னுடறேன்" என்றாள் தேக்கக்கா. "நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அந்தப் பொண்ணு பாவம், அழுதுட்டே இருக்கும்."

சொல்லத்தான் போனாள். மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மாஸ்டர் தனியாக மெத்தைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தேக்கக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு கை சும்மா இருக்கும்போது அடுத்தவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது; இன்னொரு துணியை எடுத்து இடது கையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"வெச்சிடுங்க" என்றாள் மாஸ்டர்.

"சும்மாதானே இருக்கேன்."

"சும்மா இருக்கணும்னுதான் டாக்டர் கட்டுப் போட்டிருக்காரு. வெச்சிடுங்க."

வைத்தாள்.

"நின்னுடலாம்னு சொல்ல வந்தீங்க."

"எப்படித் தெரியும்?"

"வலிச்சா நிக்கிறவங்க ஒரு நாளும் நேர்ல வந்து சொல்ல மாட்டாங்க. வராமலே இருந்துடுவாங்க. வந்து சொல்றவங்களுக்கு நிக்க இஷ்டமில்ல." மாஸ்டர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கிறேன். எத்தனை வயசு வரைக்கும் இதைப் பண்ணணும்னு ஆசை உங்களுக்கு?"

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. இன்னும் எத்தனை வருஷம் வேலை செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எழுபது?" என்றாள், விலை கேட்கிற மாதிரி.

"எழுபதா? அப்ப இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு. அவ ஒரு தடவை தட்டாம இருந்தா ஒரு மாசத்துல சரியாயிடும். நீங்க தட்டலன்னா எனக்கு நீங்க கிடைக்க மாட்டீங்க. பதினஞ்சு வருஷம் வேணும்னா, வலிச்சதுக்கப்புறம் தட்டக்கூடாது. வலி வர்ற வழியிலயே தட்டணும்."

"தோத்த மாதிரி இருக்குமே."

"தட்டினா தோத்துட்டீங்கன்னு யாரு சொன்னது? நான் இருபது வருஷமா இதைப் பண்றேன். ஒரு நாளைக்குக் குறைஞ்சது பத்து தடவை தட்டுறேன். எண்ணிப் பாருங்க எத்தனை தடவைன்னு. இன்னும் என் கை ரெண்டும் இருக்கு."

 தேக்கக்கா ஸ்பேனரைப் பற்றிச் சொன்னாள். தூசி படிந்த கயிற்றையும், வண்டிக்குப் போனவளையும், பெயின்ட் உரியாத இடத்தையும். எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டே கையிலிருந்த துணியை முறுக்கினாள். முறுக்க முறுக்க அதிலிருந்து கடைசிச் சொட்டும் போய்விட்டது.

"அப்ப தப்பு உங்க கையில இல்ல" என்றாள் கடைசியில். "அங்க பழகினது."

அவள் நிபந்தனைகள் போட்டாள். கட்டு அவிழ்த்த பின்னும் இரண்டு வாரம் விழுவது மண்டியிட்டு மட்டும், பிடிக்கக் கொடுப்பது இடது கையை மட்டும். வாரம் இரண்டு நாள், மூன்றாவது நாள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். தூக்கம் சரியில்லாத நாளில் வந்து பார்த்துக்கொண்டு உட்காரலாம். பிடிக்க வருகிறவளிடம் 'எனக்கு வலது முழங்கை' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்ல வெட்கப்பட்டால் சட்டையில் எழுதி ஒட்டப்படும். அவசரக்காரிகளோடு ஜோடி சேரக்கூடாது. அப்புறம் முக்கியமானது: வீட்டில், நல்ல கையை யாரையாவது பிடிக்கச் சொல்லி, முறுக்க வரும்போது, கட்டுப் போட்ட கையை அசைக்காமல், காலால் தரையைத் தட்டிப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை.

"பிடிக்க ஆளிருக்கா?"

"மகள் இருக்கா. என்மேல கோபமா இருக்கா."

"நல்லாப் பிடிப்பா."

மகள் மாட்டேன் என்றாள். இரண்டு நாள் மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பிடிக்க வந்தார், ஸ்டியரிங் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மகள் எழுந்து வந்தாள்.

"நகருங்கப்பா. நீங்க திருப்பினா கை கழண்டு வந்துரும்."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். மகள் எதிரே மண்டியிட்டு, இடது மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை மெல்ல நீட்டினாள். அந்தக் கையை இவ்வளவு கிட்டத்தில் அவள் பல வருஷமாகப் பார்த்ததில்லை. முன்கையில் குறுக்கும் நெடுக்குமாகச் சூட்டுத் தழும்புகள். வெந்த இடமெல்லாம் வெளுத்து, பார்க்க மடித்த விரிப்பின் மடிப்புக்கோடு மாதிரி இருந்தது.  மகள் பிடியைக் கொஞ்சம் இறுக்கினாள்.

அம்மா தட்டவில்லை.

"அம்மா, தட்டு."

"இன்னும் வலிக்கல."

"வலிக்கிற வரைக்கும் காத்திருக்கக்கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"சரி, பிடி."

மறுபடி. இந்த முறையும் பிந்தித்தான் தட்டினாள். மகளுக்குத் தெரிந்தது, தட்டுவதற்கு முன்னாலேயே அம்மாவின் கீழுதடு உள்ளே போய்விடுகிறது. பிரசவ வலியில்கூட இவள் கத்தவில்லை, நர்ஸே பயந்துவிட்டாள் என்று அப்பா பெருமையாகச் சொல்கிற கதை அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கதையை முதல் தடவையாக அவள் வெறுத்தாள்.

"உதட்டைக் கடிக்காத" என்றாள். "உதடு உள்ள போறப்பவே தட்டு."

பன்னிரண்டாவது தடவை சரியாகத் தட்டினாள். பதிமூன்றாவது தடவை மகள் கையைத் தொட்டதுமே தட்டிவிட்டாள்.

"நான் இன்னும் பிடிக்கவே இல்ல!"

"உன் மூஞ்சியப் பாத்தேன். அதுவே போதும்."

அப்பா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று, "நான் முப்பது வருஷமா அந்த மூஞ்சிக்குத் தட்டிட்டுதான் இருக்கேன்" என்றார். அம்மாவைச் சொன்னாரா மகளைச் சொன்னாரா என்று கேட்க ஆளில்லை, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் மகளின் போன் அடித்தது. ஆபீஸ் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை. மகள் ஒரு கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே மறுகையால் போனைக் காதில் வைத்தாள். "சொல்லுங்க சார்... இல்ல சார், பரவால்ல சார்... இன்னைக்கே முடிச்சிடறேன் சார்... முடியும் சார்."

அம்மா கால் விரலால் மகளின் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினாள்.

போனை வைத்துவிட்டு மகள், "நான் முறுக்கவே இல்லையே, எதுக்கு இப்பத் தட்டின?" என்றாள்.

"எனக்கில்ல. உனக்குத் தட்டினேன்."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.  ஆனால் அன்று முழுக்க ஆபீஸ் வேலையைத் தொடவில்லை.

மூன்று வாரம் முடிந்து ரோலருக்குப் போனாள். இப்போது ஜோடி, குருவி என்கிற சின்னப் பெண். குரல் மட்டும் பெரிசு. "அக்கா, மெதுவா, மெதுவா, நான் ரெண்டடி கூட நடக்கிறேன்" என்று அவள் பாதி தூரத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் வேகம் ஐந்தில் ஓடியது. முழங்கை கூடவே வந்தது, முனகவில்லை. தேக்கக்காவின் உடம்புக்குப் பழைய நடை திரும்பி வந்தது. இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். விரிப்பின் சூடு உள்ளங்கையில் ஏறும்போது, இதைத்தான் இத்தனை நாள் தேடினோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வேலையைப் பிடிக்காமல் யாரும் பத்தொன்பது வருஷம் நிற்க முடியாது. அதை அவளுக்கு மேலே இருந்தவர்கள்தான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள், ஒரு ஓட்டலுக்கு அவசரச் சரக்கு. விசில் வந்து வேகத்தை ஆறாக்கினார். அரை மணி நேரம் கழித்து ஏழாக்கினார். ஏழில் விரிப்பு வெளியே வருவதில்லை, பாயும். உதறும்போது முழங்கைக்குள் ஒரு நூல் இழுபட்டது. வலியில்லை. வலி வருகிற வழி. தேக்கக்காவின் கீழுதடு உள்ளே போனது. போனதை அவளே கண்டுகொண்டாள்.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நடந்திருக்காது. விரிப்பைக் குருவியிடம் விட்டுவிட்டு, பக்கவாட்டில் இரண்டடி எடுத்து வைத்து, பஞ்சு படிந்த ஸ்பேனரை இடது கையால் பிடித்து, பச்சைச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

டங். டங்.

முன்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் கையில் விரிப்போடு அப்படியே நின்றார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஆனால் என்ன சத்தம் என்று தெரிந்தது. ரோலர் ஒன்றும் இல்லாமல் சும்மா சுற்றியது. விசில் ஓடி வந்தார். வழியில் வாயில் வைத்த விசிலை எடுக்கவும் மறந்துவிட்டார், மூச்சு விடும்போதெல்லாம் அது கீச்சுக் கீச்சு என்றது.

"என்ன ஆச்சு? கை மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார்."

"அடிபட்டுச்சா?"

"இல்ல சார். ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்குத் தட்டின?"

"ஆகுறதுக்கு முன்னாடி தட்டினேன். ஆனப்புறம் தட்டக் கை இருக்காது சார்."

விசில் சுற்றிலும் பார்த்தார். எல்லாப் பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்படி ஆளாளுக்குத் தட்டினா எப்படி? வண்டிக்குப் போறியா நீ?"

 வண்டி என்ற சொல்லுக்கு தேக்கக்காவின் உடம்பு நடுங்கியே பழகியது. ஆனாலும் கால்கள் சரியாக ஊன்றி நின்றன. முழங்கால் லேசாக மடிந்து, எடை இரண்டு காலிலும் சமமாக, மாஸ்டர் சொல்லித் தந்த மாதிரி. தள்ளினால் விழத் தெரியும்.

"விதியில இருக்கு சார். சுவத்துல நீங்கதான் ஒட்டி வெச்சிருக்கீங்க. ஆறுல வெச்சா சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன். நாளைக்கும் நிக்கிறேன். ஏழுல வெச்சா இன்னைக்கு மட்டும்தான்."

அதற்குள் குருவி, தன் பங்குக்கு, அந்த ஸ்பேனரை எடுத்து இன்னும் இரண்டு தட்டு தட்டினாள்.

"நீ எதுக்குடி தட்டுற?"

"எனக்கு விரல் வெந்துபோச்சு சார், காலையிலயே. இவ்வளவு நாள் தட்டலாம்னு யாரும் எனக்குச் சொல்லல."

முன்பக்கத்திலிருந்து ஒருத்தி, யார் என்று தெரியாதபடி கத்தினாள். "நாலு பேரையும் வண்டிக்கு அனுப்பிட்டு ரோலரை யாரு ஓட்டுவா? விசிலா ஓட்டும்?"

சிரிப்பு இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. விசில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போய்க் குமிழைத் திருப்பினார். ஐந்துக்குத் திருப்பவில்லை. அவ்வளவு நல்லவர் இல்லை அவர். திருப்பிவிட்டு, மேலே இருக்கிறவன் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று புலம்பியபடியே போனார். அவன் கேட்பானா, கேட்டால் என்ன ஆகும் என்று தேக்கக்காவுக்கும் தெரியாது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தில், தட்டிய இடத்தில், பச்சைப் பெயின்ட் அரிசி அளவுக்கு உரிந்திருந்தது. குருவி தட்டியதில் பக்கத்திலேயே இன்னொரு அரிசி.

அன்று மாலை வகுப்பு இருந்தது. மருந்துக்கடைப் பெண் அவளைக் கண்டதும் மெத்தையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

"வா இங்க" என்று கூப்பிட்டாள் தேக்கக்கா. "எனக்கு வலது முழங்கை. இடது கையை மெதுவாப் பிடி. நான் தட்டுவேன், பயப்படாத."

"நிஜமாத் தட்டுவீங்களா ஆன்ட்டி?"

"காலையில ஒரு தடவை தட்டிட்டுதான் வர்றேன்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தாள். "எங்க? யாரு பிடிச்சா?"

"ரோலர்."

"விட்டுச்சா?"

"ஏழுல இருந்து ஆறுக்கு விட்டுச்சு."

 மாஸ்டர் மெத்தையைக் காட்டி, "சரி, படுங்க" என்றாள்.